தஞ்சை நெல்லும் ஹெர்ட்ஃபர்ட்ஷயர் மாளிகையும்: வுட்ஹால் பார்க் கட்டடத்தின் வரலாறும் பாதுகாப்பும்

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் உள்ள வுட்ஹால் பார்க், ஜார்ஜியக் காலத்து நாட்டுப்புற மாளிகை. முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்ற இக்கட்டடத்தைக் கட்டுவித்தவர் சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் ரம்போல்ட். அவருக்குப் பின் அதனை விலைக்கு வாங்கியவர் ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தோருள் பெயர்பெற்ற பால் பென்ஃபீல்ட். இக்கட்டுரை கட்டடத்தின் அமைப்பையும் உரிமை மாற்றங்களையும் 1773 முதல் 1801 வரையிலான கர்நாடகப் பகுதி வரலாற்றோடு பொருத்திப் பார்க்கிறது. மாளிகை முழுவதும் தமிழகச் செல்வத்தால் எழுந்தது என்னும் எளிய முடிவைக் காலவரிசை ஏற்கவில்லை. எனினும் மாளிகையின் வரலாற்றைத் தஞ்சை வருவாய்ச் சிக்கலிலிருந்து பிரித்தறியவும் இயலாது. இவ்விரண்டையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திறவுச்சொற்கள்: வுட்ஹால் பார்க், ஜார்ஜியக் கட்டடக்கலை, தாமஸ் ரம்போல்ட், பால் பென்ஃபீல்ட், நவாப் கடன், தஞ்சாவூர், மரபுச்சின்னப் பாதுகாப்பு.

முன்னுரை

பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழக வரலாற்றை எழுதுவோர் கோட்டைகள், போர்கள், உடன்படிக்கைகள், வருவாய்க் கணக்குகள் ஆகியவற்றைச் சான்றுகளாகக் கொள்வது வழக்கம். இங்கிருந்து வெளியேறிய செல்வம் எங்கே சென்று எவ்வுருக் கொண்டது என்ற வினா பெரும்பாலும் ஒட்டுமொத்தத் தொகைகளைக் கூறுவதோடு நின்றுவிடுகிறது. அச்செல்வத்தைக் கொண்டு சென்றோர் வாங்கிய நிலமும் கட்டிய மாளிகைகளும் இங்கிலாந்தில் இன்றும் உள்ளன. அவற்றுட் பல சட்டத்தின் பாதுகாப்பையும் பெற்றுள்ளன. ஆயினும் கட்டடக்கலை வரலாற்றாளர் அவற்றைப் பாணி நோக்கிலும், குடியேற்றக் கால வரலாற்றாளர் அவற்றின் உரிமையாளர்களை அரசியல் நோக்கிலும் தனித்தனியே ஆராய்ந்து வந்தமையால், கட்டடமும் வருவாயும் ஒரே வரலாற்றின் இரு முனைகளாக நோக்கப்படுவது குறைவாகவே உள்ளது.

இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்க வுட்ஹால் பார்க் பொருத்தமான களமாகும். ஒரே மாளிகை அடுத்தடுத்து இரு சென்னைக் கம்பெனி அலுவலர்களின் கைக்கு வந்தது. அவ்விருவரின் வாழ்வையும் திசைதிருப்பிய நிகழ்வு ஒன்றே. அது 1773இல் தஞ்சை கைப்பற்றப்பட்டதும் 1776இல் அது மன்னருக்குத் திருப்பியளிக்கப்பட்டதும் ஆகும்.

1. நாட்டுப்புற மாளிகையும் அரசியல் தகுதியும்

பிரிட்டனில் முதலாம் ஜார்ஜ் அரியணை ஏறிய 1714 முதல் நான்காம் ஜார்ஜ் மறைந்த 1830 வரையிலான காலம் ஜார்ஜியக் காலம் எனப்படுகிறது. இக்காலத்துப் பெருமாளிகைகள் சமச்சீர் முகப்பு, அளவுப் பொருத்தம், பண்டைய உரோமானியக் கூறுகள் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டவை. இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் வழியில், உயர்ந்த நடுக்கட்டடமும் அதன் இருபுறமும் தாழ்ந்த இணைப்புகளால் சேர்க்கப்பட்ட பக்கக் கட்டடங்களும் கொண்ட அமைப்பு பரவலாக இருந்தது.

இம்மாளிகைகளைச் செல்வர்களின் சுவைக்குச் சான்றாக மட்டும் கொள்வது போதாது. 1711ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாவட்ட உறுப்பினராக நாடாளுமன்றம் செல்ல ஆண்டுக்கு 600 பவுண்டும், நகர உறுப்பினராகச் செல்ல 300 பவுண்டும் நிலவருவாய் இருத்தல் வேண்டும். எனவே கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றித் திரும்பியோருக்கு நிலம் வாங்குதல் என்பது செல்வத்தை அரசியல் தகுதியாக மாற்றும் வழியாகவும் அமைந்தது. நாடாளுமன்ற இடம் கிடைத்தால், தம் இந்தியச் செயல்கள் குறித்து எழும் விசாரணைகளை அவையின் உள்ளிருந்தே எதிர்கொள்ளலாம். 'நபாப்' என எள்ளப்பட்ட இவர்களைப் பற்றிச் சாமுவேல் ஃபூட் எழுதிய நாடகம் 1772இல் லண்டனில் மேடையேறியது. இது அவர்களுக்கு எதிராக நிலவிய சமூக மனப்பான்மையைக் காட்டும்.

1774ஆம் ஆண்டுத் தேர்தலில் ஷாஃப்ட்ஸ்பரி நகரத்தில் போட்டியிட்டு வென்ற ரம்போல்டும் பிரான்சிஸ் சைக்ஸும் கையூட்டு வழங்கியமை மெய்ப்பிக்கப்பட்டதால் பதவியிழந்தனர். முர்சிதாபாத் அரசவையில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்தவர் சைக்ஸ். இவர் பெர்க்ஷயரில் பேசில்டன் பார்க் மாளிகையை எழுப்பத் தொடங்கியது 1776இல். ரம்போல்டின் வுட்ஹால் பணி தொடங்கியது 1777இல். ஒரே தேர்தல் வழக்கில் சிக்கிய இருவரும் அடுத்தடுத்த ஆண்டுகளில் மாளிகை கட்டத் தொடங்கியமை, நில உடைமைக்கும் அரசியல் மதிப்புக்கும் இருந்த தொடர்பை விளக்கப் போதுமானது.

2. வுட்ஹால் பார்க்: கட்டடக்கலை

வாட்டன்-அட்-ஸ்டோன் என்னும் ஊரை ஒட்டி, பீன் ஆற்றின் பள்ளத்தாக்கில் வுட்ஹால் பார்க் அமைந்துள்ளது. இங்கிருந்த பழைய மாளிகை போட்டலர் குடும்பத்தாருடையது. அது 1771இல் தீக்கிரையானது. அவ்விடத்துப் பண்ணையை வாங்கிய ரம்போல்ட், தாமஸ் லெவர்டன் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு 1777 முதல் 1782 வரையிலான காலத்தில் புதிய மாளிகையை எழுப்பினார். எசெக்ஸ் மாவட்டத்துக் கட்டுநர் ஒருவரின் மகனான லெவர்டன் (1743–1824), லண்டன் பெட்ஃபர்ட் சதுக்க வீடுகளின் உள்ளமைப்போடு தொடர்புபடுத்தப்படுபவர். வுட்ஹால் அவருடைய நாட்டுப்புறப் பணிகளுள் தலையாயதாகக் கருதப்படுகிறது.

புறத்தோற்றத்தில் இம்மாளிகை அடக்கமானது. சமச்சீரான நடுக்கட்டடமும் பக்கக் கட்டடங்களும் பல்லாடிய மரபைப் பின்பற்றுகின்றன. இதன் சிறப்பு உள்ளமைப்பிலேயே உள்ளது. அவற்றுள் மூன்று கூறுகள் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, படிக்கட்டுக் கூடம். கற்படிகள் சுவரில் பதிந்து ஏறிச்செல்ல, மேலே குவிமாடத்தின் வழியாக ஒளி இறங்குகிறது. சுவர்களில் மென்மையான சுதை வேலைப்பாடுகள் அமைந்துள்ளன. சன்னல்களற்ற நடுப்பகுதிக்கு மேலிருந்து ஒளி தரும் இம்முறை அக்காலத்துச் சிறந்த மாளிகைகளில் காணப்படுவது.

இரண்டாவது, 'எட்ருஸ்கன் கூடம்' எனப்படும் பகுதி. இத்தாலியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கருஞ்சிவப்பு ஓவியப் பானைகள் எட்ருஸ்கர்களுடையவை என அக்காலத்தார் கருதினர். அவற்றுட் பெரும்பாலானவை கிரேக்கப் பானைகள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அப்பானை ஓவியங்களின் வடிவங்களைச் சுவரில் அமைக்கும் வழக்கத்தை ராபர்ட் ஆடம் 1770களில் லண்டனை அடுத்த ஆஸ்டர்லி மாளிகையில் கையாண்டார். வுட்ஹால் கூடம் அதனை ஒட்டிய காலத்தது.

மூன்றாவது, அச்சுப்பட அறை. செப்புத்தகட்டு அச்சுப்படங்களைச் சுவரில் நேரடியாக ஒட்டி, அவற்றைச் சுற்றி அச்சிட்ட சட்டங்கள், நாடா முடிச்சுகள், தோரணங்கள் ஆகியவற்றையும் ஒட்டி அலங்கரிப்பது அக்கால நாகரிகம். தாளால் ஆனவை ஆதலின் இத்தகைய அறைகளுட் பல அழிந்துபோயின. வுட்ஹாலில் ஆர். பார்க்கர் என்பவர் 1782இல் அமைத்த அறை எஞ்சியுள்ளது. முந்நூற்றுக்கு மேற்பட்ட அச்சுப்படங்களைக் கொண்ட இவ்வறை, அக்காலச் செல்வர் அறிந்திருக்க வேண்டிய ஓவியங்களையும் பண்டைய இடிபாடுகளையும் ஒரே இடத்தில் தொகுத்து வைத்த காட்சிநூல் போன்றது.

இம்மூன்றிலும் பொதுவான ஒரு கூறு ஆய்வுக்குரியது. கட்டுவித்தவர் தம் இளமைக் காலத்தின் பெரும்பகுதியைச் சென்னையிலும் வங்காளத்திலும் கழித்தவர். எனினும் இக்கட்டடத்தின் பாணியில் இந்தியச் சாயல் இல்லை. உரோம், கிரேக்க, இத்தாலியக் கூறுகளே உள்ளன. குளோஸ்டர்ஷயரில் சார்லஸ் காக்கரெல் என்பவருக்காக 1805ஐ ஒட்டி எழுந்த செசின்கோட் மாளிகையின் முகலாயப் பாணிக் குவிமாடத்தோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு விளங்கும். 1770களில் இந்தியாவிலிருந்து திரும்பியவர் தம் செல்வத்தின் தோற்றுவாயைக் கட்டடத்தில் அறிவிக்க விரும்பவில்லை. பழைய நிலவுடைமைக் குடும்பத்தவராக ஏற்கப்படுவதையே நாடினர். செசின்கோட் காலத்திலோ இந்தியத் தொடர்பு இகழ்ச்சிக்குரியதாக இல்லாமல் அரசின் பெருமையாக மாறத் தொடங்கியிருந்தது. ஆகவே, வுட்ஹாலின் பாணியையே ஒரு வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இடமுண்டு.

3. தஞ்சை வருவாயும் பென்ஃபீல்டின் கோரிக்கையும்

மாளிகையின் பிற்கால உரிமையாளரான பால் பென்ஃபீல்ட், 1764இல் பொறியாளராகச் சென்னை வந்தவர். கோட்டை, மதில் பணிகளை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்தார். ஹைதர் அலியின் படை சென்னையை நெருங்கிய பின், கருப்பர் நகரத்தின் வடக்கிலும் மேற்கிலும் எழுப்பப்பட்ட மதிலைக் கட்டியவரும் இவரே. ஒப்பந்த வருவாயோடு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்குக் கடன் கொடுக்கும் தொழிலிலும் ஈடுபட்டார்.

1773 செப்டம்பரில் நவாபின் பொருட்டுக் கம்பெனிப் படை தஞ்சையைக் கைப்பற்றியது. மன்னர் துளஜா சிறைப்பட்டார். தஞ்சை நிலத்தின் மேல்வாரம் நவாபின் கைக்கு மாறியது. படைச்செலவுக்கும் பழைய கடன்களுக்கும் ஈடாக, அவ்வருவாயின் பகுதிகளை நவாப் கடன் கொடுத்தோருக்கு எழுதிக் கொடுத்தார். களத்தில் அடிக்கப்படாத நெல்லின் மீது சென்னையிலிருந்த கம்பெனி அலுவலர் உரிமை கொண்டாடும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

இந்நடவடிக்கையைக் கம்பெனி இயக்குநர்கள் ஏற்கவில்லை. தஞ்சையை மன்னருக்கே திருப்பியளிக்குமாறு ஆணையிட்டு ஜார்ஜ் பிகட்டை மீண்டும் ஆளுநராக அனுப்பினர். 1775 இறுதியில் சென்னை வந்த பிகட், 1776 ஏப்ரலில் துளஜாவை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். உடனே பென்ஃபீல்ட் தம் கோரிக்கையை ஆளுநர் அவையின் முன் வைத்தார். தஞ்சை வருவாயின் மீது நவாப் எழுதிக் கொடுத்த வகையில் 1,62,000 பவுண்டும், தஞ்சை நாட்டில் தனியாருக்குக் கொடுத்த கடன்களுக்காக விளைச்சலின் மீது 72,000 பவுண்டும், ஆக 2,34,000 பவுண்டு தமக்கு வரவேண்டும் என்பது அக்கோரிக்கை. கம்பெனியின் பணியாளர் ஒருவர் தம் ஊதியத்தால் இத்துணைப் பெருந்தொகையைச் சேர்த்துக் கடனாகக் கொடுத்திருக்க இயலாது என்பது வெளிப்படை.

முதலில் அக்கோரிக்கையை ஏற்க மறுத்த அவையின் பெரும்பான்மையோர் பின்னர் பென்ஃபீல்டின் பக்கம் சாய்ந்தனர். ஆளுநருக்கும் அவைக்கும் முற்றிய மோதலில், 1776 ஆகஸ்ட் 24 அன்று பிகட் தம் அவையினராலேயே சிறைப்பிடிக்கப்பட்டார். 1777 மே 11 அன்று காவலில் இருந்தபோதே இறந்தார். அவையினரின் நோக்கங்கள் பலவாக இருப்பினும், மோதலின் உடனடிக் காரணம் தஞ்சை விளைச்சல் யாருக்கு உரியது என்னும் வினாவே ஆகும்.

4. ரம்போல்ட்: காலவரிசைச் சிக்கல்

இக்குழப்பத்தால் ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்ப 1777இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தாமஸ் ரம்போல்ட். வுட்ஹால் பார்க் பணி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இவ்வுடனிகழ்வு மாளிகையின் பணம் எங்கிருந்து வந்தது என்னும் வினாவைச் சிக்கலாக்குகிறது.

1736இல் பிறந்த ரம்போல்ட், 1752இல் கம்பெனி எழுத்தராகச் சேர்ந்து சென்னை வந்தார். பிளாசிப் போரில் கிளைவின் துணை அலுவலராக இருந்தார். பின்னர் பாட்னாவில் கம்பெனித் தலைவராகவும் வங்காள அவை உறுப்பினராகவும் பணியாற்றி 1769இல் இங்கிலாந்து திரும்பினார். ஆகவே 1777இல் அடித்தளம் இடப்பட்டபோது அவரிடம் இருந்தது பெரும்பாலும் வங்காளத்துச் செல்வமே. சென்னை ஆளுநராக அவர் பதவியேற்றது 1778 பிப்ரவரியில். பதவியை விட்டுக் கிளம்பியது 1780 ஏப்ரலில். மாளிகையின் சுவர்கள் எழுந்த ஆண்டுகளில் அதன் உரிமையாளர் சென்னைக் கோட்டையில் இருந்தார். உள்ளலங்காரம் நிறைவெய்தியபோது இங்கிலாந்தில் விசாரணையை எதிர்கொண்டிருந்தார்.

அவருடைய ஆட்சிக் காலத்தில் 1778 அக்டோபரில் புதுச்சேரி கைப்பற்றப்பட்டது; அதன்பொருட்டு 1779இல் அவருக்குப் பரம்பரைப் பட்டம் அளிக்கப்பட்டது. மாஹேயைக் கைப்பற்றியமையும் குண்டூர் சர்க்கார் தொடர்பான நடவடிக்கையும் ஹைதர் அலியையும் நிசாமையும் பகையாக்கின. ஹைதரின் மனநிலையை அறியத் தஞ்சையில் பணியாற்றிய சமயத்தொண்டர் சுவார்ட்ஸை அவர் 1779இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார். 1780 ஜூலையில் ஹைதர் கர்நாடகத்தின் மீது படையெடுத்தபோது ரம்போல்ட் கப்பலேறிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. 1781 ஜனவரியில் இயக்குநர்கள் அவரைப் பணிநீக்கம் செய்தனர்.

ஹென்றி டண்டாஸ் தலைமையிலான நாடாளுமன்ற இரகசியக் குழு அவர் மீது குற்றம் சுமத்தியது. 1778 பிப்ரவரி முதல் 1780 ஆகஸ்ட் வரை அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பிய தொகை 1,64,000 பவுண்டு எனவும், அவருடைய ஊதியமும் பிற வரும்படியும் ஆண்டுக்கு 20,000 பவுண்டுக்கு மேற்படாது எனவும் கணக்குக் காட்டப்பட்டது. வங்காளத்தில் தாம் விட்டுவந்த பழைய உடைமைகளே அவ்வாறு அனுப்பப்பட்டன என்பது அவருடைய மறுமொழி. 1782இல் கொண்டுவரப்பட்ட தண்டனை மசோதா 1783இல் கைவிடப்பட்டது. ரம்போல்ட் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்படவில்லை. குற்றமற்றவர் எனவும் தீர்ப்பளிக்கப்படவில்லை. அவருடைய மகள் எலிசபெத் ஆன் ரம்போல்ட் எழுதிய தந்தையின் நற்பெயருக்கான மறுப்புநூல் 1868இல் வெளியாயிற்று.

எனவே, ரம்போல்ட் கட்டிய பகுதியைப் பொறுத்தவரை ஆய்வாளர் கூறத்தக்கது இவ்வளவே: அடித்தளத்தின் பணம் வங்காளத்தது, கட்டுமான ஆண்டுகளில் சென்னையிலிருந்து பெருந்தொகை சென்றது, அதில் எவ்வளவு வங்காளத்துப் பழைய சேமிப்பு, எவ்வளவு சென்னையில் ஈட்டியது என்பது அக்காலத்திலேயே தீர்க்கப்படாத வழக்கு. 'தமிழர் பணத்தால் கட்டிய மாளிகை' என்னும் தொடர் உணர்வுக்கு இசையினும் சான்றுக்கு முழுமையாக இசையவில்லை. ஆயினும் அவரைச் சென்னை ஆளுநராக்கிய வெற்றிடத்தை உருவாக்கியது தஞ்சைச் சிக்கல் என்பதில் ஐயமில்லை.

5. கடன் உறுதிப்பாடும் மாளிகையின் கைமாற்றமும்

ரம்போல்ட் 1791இல் மறைந்தார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே வுட்ஹால் பார்க் பென்ஃபீல்டின் உடைமையாயிற்று. அவரது செல்வத்தின் தோற்றுவாய் ரம்போல்டினுடையதைவிடத் தெளிவானது.

1780இல் கிரிக்லேட் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற பென்ஃபீல்ட், 1781இல் மீண்டும் கம்பெனிப் பணியில் அமர்த்தப்பட்டுச் சென்னை திரும்பினார். நவாபின் கடன்கள் 1767ஆம் ஆண்டுக் கடன், 1777ஆம் ஆண்டுக் கடன், குதிரைப்படைக் கடன் என மூன்று தொகுதிகளாக வகுக்கப்பட்டிருந்தன. 1784ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் இக்கடன்களின் உண்மையை ஆராயுமாறு இயக்குநர்களைப் பணித்தது. ஆனால் டண்டாஸ் முதன்மை பெற்றிருந்த கட்டுப்பாட்டு வாரியம் மூன்று தொகுதிகளையும் விசாரணையின்றி ஏற்று, ஆண்டுதோறும் 12 லட்சம் வராகனைக் கர்நாடக வருவாயிலிருந்து கடனுக்காக ஒதுக்கியது. ரம்போல்ட் மீது குற்றம் சுமத்திய குழுவின் தலைவரே இம்முடிவின் பின்னணியிலும் இருந்தார் என்பது கருதத்தக்கது.

1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் ஆற்றிய நெடிய உரை இம்முடிவைக் கண்டித்தது. பென்ஃபீல்ட் தம்மையும் சேர்த்து எண்மரை முந்தைய நாடாளுமன்றத்திற்குக் கொணர்ந்தார் என்றும், அந்த அரசியல் உதவிக்குக் கைம்மாறாகவே கடன்கள் ஏற்கப்பட்டன என்றும் பர்க் குற்றஞ்சாட்டினார். அவ்வுரையில் கர்நாடகத்து ஏரிகள் குறித்து அவர் விரிவாகப் பேசியமை தமிழக ஆய்வாளர் கவனத்திற்குரியது. ஏரி குளங்களைப் பேணுதலே ஆட்சியின் முதற்செலவாக இருத்தல் வேண்டும் எனவும், வருவாய் கடன்காரர்க்குச் சென்றால் நீர்நிலைகள் சிதையும் எனவும் அவர் வாதிட்டார். அதே காலப்பகுதியில் வுட்ஹால் பூங்காவில் பீன் ஆறு தடுக்கப்பட்டு அழகுக்காக அகன்ற நீர்ப்பரப்பு அமைக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையே கணக்கேடு காட்டும் நேரடித் தொடர்பு இல்லை எனினும், ஒரே செல்வச் சுழற்சியின் இரு முனைகளில் நீர் பெற்ற இடத்தை இவ்வொப்பீடு காட்டுகிறது.

இங்கிலாந்து திரும்பிய பென்ஃபீல்ட், வால்டர் பாய்டு என்பவரோடு கூட்டாக வங்கி நடத்தினார். பிரெஞ்சுப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் அரசுக்கே கடன் திரட்டித் தந்த நிறுவனம் அது. நூற்றாண்டின் இறுதியில் அவ்வங்கி நொடித்தது. 1801இல் வுட்ஹால் பார்க் விற்கப்பட்டு, சாமுவேல் ஸ்மித் என்னும் வங்கியாளரின் கைக்குச் சென்றது. பென்ஃபீல்ட் 1810இல் பாரிஸ் நகரில் வறுமையில் இறந்தார்.

தமிழகத்திலும் அவ்வாண்டுகளில் பெருமாற்றங்கள் நிகழ்ந்தன. 1799இல் சரபோஜியோடு செய்த உடன்படிக்கையால் தஞ்சை நிர்வாகம் கம்பெனிக்கு மாறியது. 1801 ஜூலையில் கர்நாடகம் முழுவதும் கம்பெனி ஆட்சியில் சேர்ந்தது. கடனைக் காரணமாகக் காட்டி வளர்ந்த தலையீடு, கடன்பட்டவரின் ஆட்சியையே முடித்தது. அதன்பின் எஞ்சிய கடன் கோரிக்கைகளை ஆராய 1805இல் ஆணையர் அமர்த்தப்பட்டனர். 1814 வரை அவர்கள் தீர்ப்பளித்த ஏறத்தாழ 2 கோடி பவுண்டு கோரிக்கைகளுள் ஏறத்தாழ 13 லட்சம் பவுண்டு மட்டுமே உண்மையானது என ஏற்கப்பட்டது. 1784இல் விசாரணையின்றி ஏற்கப்பட்ட கடன்கள் இவ்விசாரணைக்கு உட்படவில்லை. அவையும் இவ்வாறு ஆராயப்பட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய முடிவை இவ்விகிதம் ஊகிக்க இடமளிக்கிறது.

6. பாதுகாப்பின் பொருள்

ஸ்மித் குடும்பத்தாரின் உடைமையாக வுட்ஹால் பார்க் தொடர்ந்தது. 1930களில் மாளிகை ஹீத் மவுண்ட் பள்ளியின் இருப்பிடமாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டனில் வரிச்சுமை, பராமரிப்புச் செலவு, போர்க்காலப் பயன்பாடு ஆகியவற்றால் நூற்றுக்கணக்கான நாட்டுப்புற மாளிகைகள் இடிக்கப்பட்டன. இவ்விழப்பை 1974இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சி பொதுமக்களுக்கு உணர்த்தியது. பள்ளியாகப் பயன்பட்டமை வுட்ஹால் நிலைத்ததற்கு உதவிய காரணங்களுள் ஒன்று எனலாம்.

பிரிட்டனில் 1882ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டம் குடியிருப்பு மாளிகைகளைக் கருத்திற் கொள்ளவில்லை. 1947ஆம் ஆண்டு நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டமே கட்டடங்களைப் பட்டியலிடும் முறையை உறுதிப்படுத்தியது. இன்று நடப்பிலுள்ள 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 'சிறப்பான கட்டடக்கலை அல்லது வரலாற்று முக்கியத்துவம்' உடையவை பட்டியலிடப்படுகின்றன. அவற்றுள் முதல் தரம் பெறுபவை நூற்றுக்கு ஏறத்தாழ 2.5 மட்டுமே. அத்தரத்தில் உள்ள கட்டடத்தின் உள்ளமைப்பும் பாதுகாப்புக்கு உட்பட்டது. அனுமதியின்றி அதன் தன்மையை மாற்றுதல் குற்றம். அச்சுப்பட அறையின் தாள்களும் இவ்வாறே சட்டத்தின் காப்பில் உள்ளன.

சட்டம் கூறும் இரு அளவைகளுள் கட்டடக்கலை முக்கியத்துவம் வுட்ஹாலைப் பொறுத்தவரை நன்கு நிறுவப்பட்டது. வரலாற்று முக்கியத்துவம் என்பதன் எல்லை எது என்பதே வினா. கட்டுவித்தவரின் பெயர், ஆண்டு, அடுத்த உரிமையாளர் என்ற அளவில் வரலாறு நின்றுவிட்டால், 'சென்னை ஆளுநர்' என்பது ஒரு பட்டமாகவும், 'இந்தியாவில் செல்வம் ஈட்டியவர்' என்பது ஓர் அடைமொழியாகவும் சுருங்கிவிடுகின்றன. பிரிட்டனின் தேசிய அறக்கட்டளை 2020இல் தன் பராமரிப்பிலுள்ள 93 இடங்களின் குடியேற்ற, அடிமைமுறைத் தொடர்புகளை அறிக்கையாக வெளியிட்டபோது அங்கே கடும் விவாதம் எழுந்தது. வுட்ஹால் அவ்வமைப்பின் உடைமை அன்று. ஆயினும் அவ்விவாதத்தின் மையவினா இதற்கும் பொருந்தும்.

இதற்கு மறுமுனையில் சென்னை உள்ளது. பென்ஃபீல்ட் கட்டிய கருப்பர் நகர மதிலின் எஞ்சிய பகுதி இராயபுரத்தை ஒட்டி மாடிப் பூங்கா எனும் பெயரில் காணப்படுகிறது. அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். ஒரே மனிதரோடு தொடர்புடைய இரு கட்டடங்கள் இரு நாடுகளில் இரு சட்டங்களால் காக்கப்படுகின்றன. அவற்றை இணைத்துப் படிப்பதற்கான முறையியல் இரு நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடுகளிலும் இடம்பெறவில்லை. அப்பணி ஆய்வாளருடையதாகிறது.

முடிவுரை

இக்கட்டுரையின் ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு.

வுட்ஹால் பார்க் மாளிகையின் அடித்தளம் ரம்போல்டின் வங்காளச் செல்வத்தால் இடப்பட்டது. அதன் கட்டுமான ஆண்டுகளில் சென்னையிலிருந்து சென்ற தொகையின் தன்மை தீர்ப்பு எட்டாத வழக்காகவே உள்ளது. ஆதலின் மாளிகை முழுவதையும் கர்நாடகச் செல்வத்தின் விளைவாகக் கூறுதல் பொருந்தாது.

மாளிகையின் இரண்டாம் உரிமையாளரான பென்ஃபீல்டின் செல்வம் நவாப் கடனோடும் தஞ்சை வருவாயோடும் நேரடியாகப் பிணைந்தது. 1776ஆம் ஆண்டு அவர் எழுப்பிய கோரிக்கை பிகட்டின் வீழ்ச்சிக்கு வழிவகுத்து, ரம்போல்டின் நியமனத்திற்கும் மறைமுகக் காரணமாயிற்று. இவ்வகையில் இரு உரிமையாளர்களையும் இணைக்கும் கண்ணி தஞ்சை நெல் மீதான உரிமையே.

மாளிகையின் செவ்வியல் பாணியில் இந்தியச் சாயல் இல்லாமை, செல்வத்தின் தோற்றுவாயை மறைக்க விரும்பிய ஒரு தலைமுறையின் சமூக நிலையைக் காட்டும் சான்றாகும்.

இவ்வாய்வு பெரும்பாலும் ஆங்கிலேய நிர்வாக, நாடாளுமன்றத் தரவுகளின் வழி வெளிப்பட்ட செய்திகளைச் சார்ந்தது. தஞ்சையில் 1773 முதல் 1776 வரை விளைச்சல் எவ்வாறு பிரிக்கப்பட்டது, குடிகள் யாருக்குக் கடன்பட்டனர் என்பவற்றை அறியத் தஞ்சை மராட்டியர் கால மோடி ஆவணங்களும் சென்னை ஆவணக் காப்பகத்தின் வருவாய்ப் பதிவுகளும் ஊர்வாரியாக ஆராயப்பட வேண்டும். 72,000 பவுண்டு என ஒரே வரியில் எழுதப்பட்ட தனியார் கடனின் பின்னே எத்தனை ஊர்களின் களங்கள் இருந்தன என்பதை அவ்வாய்வே காட்டக்கூடும். அது நிறைவுறும்போதுதான் வுட்ஹால் பார்க்கின் 'வரலாற்று முக்கியத்துவம்' இரு முனைகளிலிருந்தும் எழுதப்பட்டதாகும்.